அடுத்த வாரமும் வாங்க

நழுவிய தோள் மூட்டுக்கு அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடமாகியிருந்தது. பெயின்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“பிரமாதம்! தாராளமா ஏணி ஏறலாம்,” என்றார் பிசியோதெரபிஸ்ட். “அடுத்த வாரமும் வாங்க.”

பெயின்டர் குழம்பினார். “சரியாயிடுச்சுன்னா எதுக்கு மேடம் வரணும்?”

“சட்டை போடறப்ப வலிக்குதா?”

“தெரியல,” என்று பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். “இன்னிக்கும் இவதான் போட்டுவிட்டா. தண்ணிக் கேனைக்கூட என்னைத் தொட விடமாட்டா.”

“அதனாலதான் வரச் சொல்றேன்.”

“ஒண்ணுமே புரியல மேடம்.”

பிசியோதெரபிஸ்ட் அவர் மனைவியிடம் திரும்பினார். “நீங்க கையைத் தூக்குங்கம்மா.”

சிரித்து மழுப்பியபடி தூக்கினாள். கை மார்பளவோடு நின்றுவிட்டது. முகம் சுருங்கியது.

“எவ்வளவு நாளா இப்படி?” என்று அவளைக் கேட்டார் பெயின்டர்.

“முதல்ல உங்களுக்குச் சரியாகட்டும்னுதான்…”

அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் பெயின்டர்.

“அடுத்த வாரம் எத்தனை மணிக்கு மேடம்?”