ஜாமீன் கையெழுத்து

"யோவ் தவசி! உள்ள ஒளிஞ்சுக்கிட்டு என்னய்யா பண்றே? வெளிய வா!"

வாசலில் நின்ற முத்திருளனின் குரல் அவனியாபுரத்துத் தெருவின் கடைசி வீடு வரை கேட்டது. முறுக்கு மீசை, கழுத்தில் மைனர் செயின், கக்கத்தில் தோல் பை. வட்டிக்கு விடும் முதலாளிக்காக வசூலுக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு இந்த வாரத்தில் இது நாலாவது படையெடுப்பு.

தவசி காப்பித் தம்ளரை நங்கென்று வைத்தான். எதிரே நாற்காலியில் அவனுடைய அக்கா புருஷன் மலையாண்டி. லாரிக்கு டயர் மாற்ற இரண்டாயிரம் கேட்டு வந்து அரைமணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு மாப்ள அது?"

"அதை ஏன் கேக்குறீங்க மாமா! மில்லுல என்கூட வேலை பாத்த நல்லகாமன் கடன் வாங்குனானாம். நான் ஜாமீன் போட்டேனாம். அவன் பம்பாய்க்கு ஓடிட்டான். இவன் என் உசுரை எடுக்குறான்."

"போட்டியா, இல்லியா?"

"யாருக்குத் தெரியும்?"

உண்மையாகவே அவனுக்குத் தெரியாது. டீக்கடையோ மில் கேட்டோ, எவன் தாளை நீட்டினாலும் தவசி கையெழுத்துப் போடுவான். எத்தனை பேருக்கு என்று எண்ணி வைத்ததில்லை. காசு விஷயத்திலும் அதே கைதான். கல்லுப்பட்டிப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தை விற்றுப் பதினாலாயிரம் பேங்கில் போட்டான். குடியிருக்கும் வாடகை வீட்டையே வாங்கிவிடுவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் இன்பசேகரன் வாத்தியார் சொன்ன விலை பதினோராயிரம். மாசி முடிவதற்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

அதற்குள் சொந்தபந்தத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒருத்தருக்குக் கல்யாணச் செலவு, ஒருத்தருக்கு மோட்டார் ரிப்பேர். இரண்டே மாதத்தில் மூவாயிரம் காலி. மிச்சம் சரியாகப் பதினோராயிரம். இனி அதில் எவர் கை வைத்தாலும் வீடு போச்சு.

அடுப்படியிலிருந்து தவசியின் மனைவி அன்னக்கொடி கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

"ஏய், நீயெல்லாம் ஒரு மனுசனா? பொழுது விடிஞ்சா என் வாசல்ல வந்து கத்துற! தெருவுல தலைகாட்ட முடியல!"

"ஏம்மா, என்னைய ஏன் வையிற? ஒன் புருசன் போட்ட கையெழுத்து இந்தா இருக்கு!" மடித்த தாள் ஒன்றை உருவிக் காற்றில் ஆட்டிவிட்டு மறுபடி பைக்குள் சொருகினான் முத்திருளன். "அசலும் வட்டியும் ஒம்பதாயிரம். கேஸ் போட்டா பேங்க் கணக்கையே முடக்கிப்புடுவாங்க. தெரியுமில்ல?"

அவன் பார்வை மலையாண்டி மேல் விழுந்தது.

"அய்யா யாரு? சொந்தமா? நல்லதாப் போச்சு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சொந்தமா? நானா?" மலையாண்டி துண்டை உதறி எழுந்தார். "சும்மா தண்ணி குடிக்க வந்தேன். வாரேன் மாப்ள."

"மாமா, டயரு..."

"இருக்குற டயரே இன்னும் பத்தாயிரம் மைல் ஓடும் மாப்ள!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தவசி தலையில் கை வைத்தான். "இப்ப ஒனக்கு என்னதான்யா வேணும்?"

"ஒம்பதாயிரம்."

"அது வீட்டுக் காசுய்யா! அதைத் தொட்டா புள்ளைகளோட தெருவுல நிக்கணும்."

"அப்ப பாஸ்புக்கைக் குடு. மொதலாளிகிட்ட இருக்கட்டும். மாசி கடைசி வரைக்கும் கேஸ் போட மாட்டாரு. அதுக்குள்ள நல்லகாமன் சிக்குனா ஒன் புக்கு ஒனக்கு."

"குடுக்காதீங்க!" அன்னக்கொடி அலறினாள். "இவன் மூஞ்சியைப் பாத்தா திருப்பித் தர்றவன் மாதிரியா இருக்கு?"

"நீ சும்மா இருடி! கேஸுன்னு போனா அம்புட்டும் போயிரும்." தவசி பீரோவைத் திறந்தான். நாலு நாள் எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வர, பாஸ்புக்கை முத்திருளன் மேல் விட்டெறிந்தான். "இந்தா, எடுத்துட்டுத் தொலை! இனிமே அக்கா வரட்டும், மாமன் வரட்டும், எவன் வந்து கேட்டாலும் என்கிட்ட காசு இல்ல. இல்லவே இல்ல!"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், இல்லை என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

அன்னக்கொடி மூக்கைச் சிந்தினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுதபடியே தெருக்குழாய்க்குக் கிளம்பினாள்.

தெருமுனையில் மாவு மில்லைத் தாண்டியதும் அழுகை நின்றது. சுவர் மறைவில் முத்திருளன் காத்திருந்தான்.

"இந்தாங்கக்கா, புக்கு. பதினோராயிரமும் அப்படியே இருக்கு, பாத்துக்கங்க."

அன்னக்கொடி பாஸ்புக்கை இடுப்பில் பத்திரமாகச் செருகினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு பத்து ரூபாய் நோட்டுகளை அவன் கையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நாத்தனாரு, ஒரு கொழுந்தன் பாக்கி இருக்காகப்பா. வந்தா சொல்லி விடுறேன்."

"தாராளமா வாரேன். ஆனா மாசிக்குள்ள பத்திரத்தை முடிச்சுருங்கக்கா," என்றான் முத்திருளன், மீசையைத் தடவிக்கொண்டே. "பங்குனி பொறந்துட்டா ஊர் ஊரா திருவிழா நாடகம், எமன் வேசத்துக்கு என்னைய விட்டா நம்ம செட்டுல ஆளே கெடையாது!"