தகட்டில் உப்பு

"அப்பா, இதுல என் மூஞ்சி தெரியுதே. சுட்டா அது எங்க போவும்?"

அப்பா வேலை செய்யும் இடத்தில் மின்னும் தகடு ஒன்றைப் பார்த்து ஏழு வயது அஞ்சலை ஒருமுறை கேட்டாள். "தொடாத கண்ணு, அழுக்காய்டும்" என்றார் சின்னராசு. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்த வருட ஐப்பசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

காவலூருக்கு அருகே ஒரு சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கான் தகட்டில் நிக்கல் பூசி உலையில் சுடுவார். இரண்டும் சேர்ந்து சிலிசைடு என்ற கூட்டுப்பொருளாகும். மேற்பரப்பில் என்னென்ன இருக்கிறதென்று அங்குள்ள ஆய்வாளர் கோபால்சாமி எந்திரத்தில் பார்ப்பார்.

தை பிறந்ததிலிருந்து ஒவ்வொரு தகட்டிலும் ஓரிடத்தில் சிலிசைடு பிடிக்கவில்லை. அங்கே வியர்வையின் உப்பு இருந்தது.

"இன்னா சின்னராசு, கையுறை போடலியா?"

"போட்டுத்தான் செஞ்சேன் சார்."

கோபால்சாமி அவருடைய தடித்த விரல்களைப் பார்த்தார். தகட்டில் இருந்த விரல்தடம் மிகச் சிறியது.

"இப்டியே போனா இந்த வேலைய நிறுத்திடுவாங்கபா."

"பூசாத தகடு ஒண்ணு குடுங்க சார்."

எதற்கென்று கேட்காமல் அவர் கொடுத்தார்.

மாலையில் சின்னராசு அதை மகளைப் புதைத்த மேட்டில், மின்னும் பக்கம் மேலாக வைத்தார்.

"தொட்டுக்கோ கண்ணு."

அதில் தன் முகம்கூடத் தெரியக் கூடாதென்று திரும்பிக்கொண்டார்.