ஆயத்தக் காலம்

“ஒன்பது பத்து. மோசே இன்னும் டை கட்டி முடிக்கலியா?”

அலைடா படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுத்தாள். ஏழு மாத வயிறு. குடியிருப்பு, அவளுடைய அம்மா வீட்டு மாடியறை.

அவள் மோசே என்று கிண்டலடித்த கணவன் ரூலோஃப் இறங்கி வந்தான். போதகர் படிப்பை முடித்து மூன்று வருடம். எந்தச் சபையும் அழைக்கவில்லை. வாரநாட்களில் கிடங்கில் முதிரும் சீஸ் வட்டுகளைத் திருப்பிவைப்பான். ஞாயிறுகளில், போதகர் இல்லாத சபைகளில் விருந்தினனாகப் பிரசங்கம்.

“மோசேயைக் கர்த்தர் நாற்பது வருஷம் வனாந்தரத்துல வச்சுத் தயார் பண்ணினார்.”

“அப்போ உனக்கு இன்னும் முப்பத்தேழு. தொட்டிலை அம்மாவோட வாஷிங் மெஷின் மேலயே வச்சுக்கலாம்.”

“இது நம்ம ஆயத்தக் காலம், அலைடா. நம்பணும்.”

“உன் கிடங்குல சீஸே பத்து மாசத்துல ஆயத்தமாயிடுது.”

ஆலய வாசலில் பச்சைக் கார் நின்றிருந்தது. ரூலோஃப் அவள் கையை அழுத்தினான். பக்கத்து ஊர்ச் சபையின் போதகர் தேர்வுக் குழு. அங்கே பதவி காலி. ஆறு அறைப் போதகர் வீடும் காலி. சொல்லாமல் வந்து அவனைக் கேட்பது இது மூன்றாவது ஞாயிறு.

“இன்னிக்காவது வேற பிரசங்கம் பண்ணேன். இதை ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.”

“பிடிச்சதாலதானே திரும்ப வர்றாங்க?”

உள்ளே நான்கு கறுப்புக் கோட்டுகள், நான்கு பெஞ்சுகளில், முன்பின் தெரியாதவர்களைப் போல. ஒரே காரிலிருந்து அவர்கள் இறங்கியதைச் சபை முழுவதும் பார்த்திருந்தது.

ரூலோஃப் அன்று உருகினான். சிறையில் யோசேப்பு. ஆடுகளோடு தாவீது. வனாந்தரத்தில் மோசே. “அவசரப்படாதீர்கள். காத்திருக்கும் காலத்தில்தான் கர்த்தர் வேலை செய்கிறார்.” பிரசங்க நேரத்தில் சப்பும் பெப்பர்மின்ட் மிட்டாய் நான்கு வாய்களிலும் அசையாமல் நின்றது.

ஆராதனை முடிந்து நெடுநேரம் கழித்து, இருவரும் காத்திருந்த பின்னறையின் கதவைத் தட்டினார் குழுவின் மூத்தவர் ஸ்லிங்கர்லாந்த். கண்கள் கலங்கியிருந்தன. அலைடா கைகளைக் கோத்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் முதன்முறையாக, கிண்டல் இல்லாமல் ஜெபித்தாள்.

“இனி மறைக்க விரும்பலை, பிரதர். உங்க பிரசங்கத்தைக் கேக்கத்தான் வந்தோம்.”

“அப்படியா!” என்றான் ரூலோஃப், வியந்தவன் போல.

“முதல் தடவையே உங்களை அழைச்சுடணும்னு துடிச்சோம். ரெண்டாவது தடவை மனசுல குத்துச்சு. இன்னிக்குக் கர்த்தர் தெளிவாப் பேசிட்டார்.”

“என்ன பேசினார்?” என்றாள் அலைடா.

“அவசரப்படாதீங்கன்னு. எங்க சபைக்கும் இது ஆயத்தக் காலம்மா. அஞ்சு வருஷத்துக்குப் போதகரே வேணாம். இப்பத்தான் கார் பக்கத்துல நின்னு நாலு பேரும் ஒருமனசா முடிவு பண்ணினோம்.”

அவர் ரூலோஃபின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“நீங்க சொன்னது கர்த்தரோட வார்த்தைதானே, பிரதர்?”