திபோ ஏமாந்த வாரம்

இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே வேண்டாம். திபோ எப்பேர்ப்பட்ட ஏமாளி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

லியோன் நகரில் ஒரு ரொட்டிக் கடை மாடியில் அவருடைய வீடியோ கேம் கம்பெனி. மொத்தமே மூன்று பேர். திபோ முதலாளி, ஃபரீத் புரோகிராம் எழுதுவார், என் அம்மா படம் வரைவார். அவர்கள் செய்த முதல் கேமை சொந்தக்காரர்கள்கூட வாங்கவில்லை. இரண்டாவது, நிலாவில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதை. பூமியிலிருந்து ரேடியோவில் பலர் அவனோடு பேச வேண்டும். அதை வெளியிடலாமா என்று பார்க்க வெள்ளிக்கிழமை பாரீஸிலிருந்து, கேம் வெளியிடும் கம்பெனியின் அம்மாள் ஒருவர் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

நடிகர்களுக்கு எங்கே போவது? "என் பொண்ணு சொலேன் எல்லார் மாதிரியும் பேசுவாளே" என்று அம்மா என்னைக் கூட்டிப்போனார். எனக்குப் பதினைந்து வயது, வாய் ஐம்பது பேருடையது. மைக் முன்னால் நின்றேன். காற்றுதான் வந்தது. மறுநாளும் அதே காற்று. பரவாயில்லை என்றார் திபோ. அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை வீட்டிலிருந்து அவருக்குப் போன் போட்டேன், மூக்கால் பேசும் வரி அதிகாரியாக. உங்கள் ஆபீஸில் ஜன்னல் அதிகம், ஜன்னலுக்குத் தனி வரி என்றேன். ஆள் ஆடிப்போய்விட்டார்.

"ஐயா, உங்க குரலே நடுங்க வைக்குது. இங்க காத்து தீரப்போகுதுன்னா எப்படிச் சொல்வீங்க?"

எவனாவது இப்படிக் கேட்பானா? சொன்னேன். அப்புறம் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் சளி பிடித்த ஓபரா பாடகி. ரொட்டிக் கடைதானே என்று நாற்பது க்ரொசான் கேட்டேன்.

"ரொட்டி கிடக்கட்டும் மேடம். இடது பக்கக் கதவைத் தொடாதேன்னு யாரையாவது திட்டுங்களேன்."

மனதாரத் திட்டினேன். புதன் தீயணைப்பு அதிகாரி, வியாழன் காது கேட்காத கர்னல், நடுவில் இன்னும் பலர். நாலு நாளில் பதினேழு பேர். எல்லோரிடமும் இப்படியே அசட்டுக் கேள்வி. ஒருவரையாவது சந்தேகப்பட வேண்டுமே, ம்ஹூம்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார். சிரித்து வருஷமான முகம். நானும் போயிருந்தேன். அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஃபரீத் கேமை ஓட விட்டார். நிலாவில் ரேடியோ கரகரத்தது. மூக்கால் ஒரு குரல்:

"இன்னும் ஒன்பது நிமிஷத்துக்குத்தான் காத்து இருக்கு. சீக்கிரம் வெளியேறு. சரி, முத்தம், வெச்சிடறேன்."

அந்த அம்மாளின் உதடு துடித்தது. அடுத்து சளி பிடித்த பாடகி, கதவைத் தொட்டவனைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, "முத்தம், வெச்சிடறேன்." கர்னலும் முத்தம் கொடுத்தபோது அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், கேமை நாங்களே வெளியிடுகிறோம், யார் இந்த நடிகர்கள் என்று கேட்டார்.

என் காது கொதித்தது. எங்கள் வீட்டில் யாரோடு பேசினாலும் அப்படிச் சொல்லித்தான் போனை வைப்போம். வாய் தானாகச் சொல்லிவிடும். அப்போதுதான் பார்த்தேன், திபோவின் மேஜையில் டெலிபோனிலிருந்து டேப் ரெக்கார்டருக்கு ஒரு வயர் ஓடிக்கொண்டிருந்தது.

திபோ என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, எந்த வரி ஆபீஸர் முத்தம் குடுத்துட்டு போனை வைக்கிறார்?"