அறுநூற்று அறுபது கிலோமீட்டர்

"அந்தக் கல்லைக் கொடுத்துடுங்க சம்பந்தி. இதைவிட ரெண்டு மடங்கு பெரிய கல்லாவே மோதிரத்துல பதிச்சுத் தரேன்." காலையிலிருந்து நான்காவது முறையாகக் கெஞ்சினார் சம்பந்தி.

கனிம ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். ஆசையைப் பாரு! கல்லின் அருமை தெரிந்ததும் வைர வியாபாரிக்கே வாயில் எச்சில் ஊறுகிறது.

"அதெல்லாம் முடியாது சம்பந்தி. என் பொண்ணுக்குப் போட்டது போட்டதுதான்."

கல்யாணம் பேசி முடித்த கையோடு மாப்பிள்ளை வீட்டில் போட்ட மோதிரம் அது. கல்லுக்குள் கடுகை விடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. அதைப் பார்த்துவிட்டு இயக்குநரின் மனைவி வீட்டை இரண்டாக்கிவிட்டாள். "அழுக்குக் கல்லைக் கொடுத்து நம்மள ஏமாத்திட்டாங்க. நீங்களும் ஆராய்ச்சி பண்றீங்களே, இதை என்னன்னு பாருங்க!"

பார்த்தார். அதாவது, அவர் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுப் பதினைந்து வருஷமாகிறது என்பதால், உதவி ஆய்வாளரைப் பார்க்கச் சொன்னார்.

வைரம் பூமிக்கடியில் விளையும்போது பக்கத்தில் கிடக்கும் கனிமத்தில் ஒரு துளியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். அந்தத் துளி என்னவென்று தெரிந்தால் வைரம் எத்தனை ஆழத்தில் விளைந்தது என்று சொல்லிவிடலாம். இந்தத் துளியோ இரும்பும் நிக்கலும். கல்லைக் கழற்றி மேஜையில் வைத்துக் காந்தத்தைக் காட்டினால், நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது.

"இரும்பு இப்படி உலோகமாவே இருந்தா அது அடி ஆழத்துல உருவான கல்லும்மா!" இயக்குநர் துள்ளினார்.

"இருக்கலாம் சார். ஆனா உலோகம் உள்ளே போறதுக்கு இன்னொரு வழியும் இருக்கு. இன்னும் ஒரு டெஸ்ட் பண்ணிட்டு..." என்று இழுத்தாள் உதவி ஆய்வாளர்.

"நீ நிதானமா பண்ணிட்டே இரு. நான் மாசக் கடைசியில ரிட்டயர் ஆகிடுவேன்."

அவருடைய அவசரமெல்லாம் அதற்குத்தான். பதவி போனால் காரும் போகும், குவார்ட்டர்ஸும் போகும், கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியும் போகும். ஏதாவது பெரிதாகக் கண்டுபிடித்தால் ஐந்து வருஷம் நீட்டிப்பு தருவதாக ஆய்வுக்கூடத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

கல் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. மனைவியிடம் சொன்னபோது நானூறு கிலோமீட்டர். மச்சானிடம் ஐந்நூறு. பத்திரிகையாளர்களுக்குப் போன அழைப்பில் அறுநூற்று அறுபது! அதற்கும் கீழே போயிருப்பார், அழைப்பு அச்சாகிவிட்டது.

இப்போது கூட்ட அரங்கம் நிரம்பி வழிந்தது. சம்பந்திக்கு மேடையிலேயே நாற்காலி. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி ஐந்தாவது முறையாகக் காதைக் கடித்தார். "சம்பந்தி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கல்லை எங்கிட்டக் கொடுத்துடுங்க."

"சும்மா உட்காருங்க சம்பந்தி. உங்க பேரும் பேப்பர்ல வரப்போகுது."

சம்பந்தியின் முகம் வெளுத்துப்போனது. கூச்சம்தான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டே இயக்குநர் மைக்கைப் பிடித்தார். பூமியின் வயிற்றைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினார். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அழுக்குக் கல் என்று அவள் சொன்னதெல்லாம் எந்தக் காலத்திலோ.

தலைவர் உருகியே போய்விட்டார். நீட்டிப்பு உத்தரவை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். "இந்தக் கல் கிடைச்ச இடத்துல நாளைக்கே தோண்ட ஆரம்பிக்கணும். அஞ்சு வருஷம் நீங்களே கூட இருந்து நடத்திக் கொடுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு எழுதணும். எந்த இடம்?"

இயக்குநர் விழித்தார். இத்தனை நாளில் அதைக் கேட்கவே தோன்றவில்லை! சட்டென்று சமாளித்து, சம்பந்தியின் தோளில் கை போட்டு மைக்குக்கு முன்னால் இழுத்துவந்தார்.

"எங்க தோண்டணும்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க சம்பந்தி!"

கேமராக்கள் எல்லாம் திரும்பின. பேனா காகிதத்தைத் தொட்டபடி காத்திருந்தது. சம்பந்தி மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"தோண்டவே வேணாங்க. அந்தக் கல்லை எங்க ஃபேக்டரி மூணாவது மாடியிலதான் செய்யறோம், லிஃப்ட் இருக்கு."