இரவல் இன்ஜினியர்

"நம்ம கண்ட்ரோல் ரூம் அம்மாவத்தான் அனுப்பணுமா? அதுவும் அந்த வெயில்காரன் கம்பெனிக்கா?"

காற்றாலை அதிபர் கேட்ட கேள்வியில், மனிதவள மேலாளர் வாய்வரை கொண்டுபோன காபியைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டார்.

"ஆமா சார். கூட்டமைப்புல அப்படித்தான் முடிவாச்சு. நீங்களும் கையைத் தூக்கினீங்களே."

தூக்கியது உண்மைதான். மின்சாரம், நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் என்று தொழில் நடத்தும் ஐந்து நிறுவனத் தலைவர்கள் ஒன்றுசேர்ந்து, இந்தத் துறையில் பெண்களை முன்னுக்குக் கொண்டுவர ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்திருந்தார்கள். அதன் முதல் திட்டம் இது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் இருக்கும் சிறந்த பெண் இன்ஜினியரை இரண்டு வருஷம் இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அனுபவம் கூடும், பெரிய பதவிக்குத் தயாராவார்கள். பூங்கொத்தும் கேமராவும் இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. யார் எங்கே போவது என்ற விவரம் வந்த பிறகுதான் அதிபர் விழித்துக்கொண்டார்.

வெயில்காரன் என்று அவர் சொன்னது சூரிய மின்சார நிறுவனத்தின் தலைவரை. போன வருஷம் இவருடைய சைட் மேனேஜரை விருந்துக்குக் கூப்பிட்டு, கை கழுவுவதற்குள் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்ட ஆசாமி அவர்.

"பொம்பளைங்க முன்னேற்றத்துல அந்தாளுக்குத் திடீர்னு என்ன அக்கறை? இந்தத் திட்டமே அவன் போட்டதாத்தான் இருக்கும். ரெண்டு வருஷம்னு கூட்டிட்டுப் போவான். அப்புறம் திருப்பி அனுப்புவானா?"

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. வெயில்காரரேதான்.

"சும்மா கூப்பிட்டேன்," என்றார் அவர் தேனாக. "நீங்க உங்க இன்ஜினியர நிஜமாவே அனுப்பறீங்கதானே?"

"அனுப்பாம என்ன," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு அதிபர் போனை வைத்தார். "பாத்தீங்களா, எச்சில் ஊறுது. வேற யாரையாவது அனுப்புங்க."

"பெண் இன்ஜினியர்னு நம்மகிட்ட அவங்க ஒருத்தர்தான் சார். மிச்சம் ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்கு. அதுக்குக் காற்றாலை ஓட்டத் தெரியாது."

அதிபருக்குச் சிரிப்பு வரவில்லை. மலைமேல் நிற்கும் அத்தனை காற்றாலைகளும் கண்ட்ரோல் ரூம் அம்மாவின் பார்வையில்தான் சுழன்றன. புயல் நேரத்தில் எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்று எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். பதவி உயர்வு மட்டும் வருஷா வருஷம் தள்ளிப்போனது. "குடும்பம் குழந்தைன்னு இருக்கறவங்க, பார்க்கலாம்" என்பார் அதிபர்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு சார். இயக்குநர் பதவியில இருக்கறவங்கள அனுப்ப வேண்டாம்னு திட்டத்துலயே விலக்கு கொடுத்திருக்காங்க."

அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்கள உடனே வரச் சொல்லுங்க."

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கண்ட்ரோல் ரூம் அம்மா வந்தார். இயக்குநர் பதவி என்று கேட்டதும் அவர் முகம் மலரவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திடீர்னு என்ன சார்?"

"உங்க திறமைக்குத்தாம்மா."

"அது போன வருஷமும் இருந்துச்சே சார்."

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கயாவது ஏதாவது தப்பு நடந்து போச்சா? பழி போட ஒரு இயக்குநர் தேவைப்படுதா?"

"சேச்சே, என்னம்மா நீங்க."

"போட்டோவுக்கு நிக்கற பொம்மைப் பதவின்னா எனக்கு வேண்டாம் சார். செலவுக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் வேணும். ஆள் எடுக்கற அதிகாரமும் வேணும். ஷிப்டுக்குப் பொண்ணுங்கள எடுக்கலாம்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்?"

வேறு நாளாக இருந்தால் அதற்கும் ஒரு 'பார்க்கலாம்' விழுந்திருக்கும். அன்று அதிபரின் கண்ணுக்குள் வெயில்காரரின் இளிப்புதான் நின்றது. கேட்டதையெல்லாம் உத்தரவாகப் போடச் சொன்னார்.

மறுவாரம் கூட்டமைப்பு கூடியது. தலைமை வகித்தவர் எரிவாயு நிறுவனத்தின் தலைவி. ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் பெண். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள்.

"சரி, யார் யாரை அனுப்பறீங்க?" என்று கேட்டார் மேடம்.

வெயில்காரரின் முகம் தொங்கப்போவதைப் பார்க்க அதிபர் ஆசையாகக் காத்திருந்தார். வெயில்காரரோ தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களால இப்ப முடியாது மேடம். எங்க இன்ஜினியர் போன வாரம்தான் இயக்குநர் ஆனாங்க."

அதிபருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நிலக்கரிக்காரர் டையைத் தளர்த்தினார். "எங்ககிட்டயும் அதே கததான் மேடம். அடுத்த கம்பெனிக்காரங்க கொத்திட்டுப் போயிட்டா..." என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிக்கொண்டார். எண்ணெய்க்காரர் குனிந்த தலை நிமிராமல் அதையே சொன்னார். கடைசியில் அதிபரும் அசடு வழியச் சொல்லி முடித்தார்.

மேடம் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரோ என்று பயந்து அதிபரே முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், திட்டம் படுத்துடுச்சு. எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, அந்த விலக்கு மட்டும் இல்லாம இருந்திருந்தா..." என்றபடி வெயில்காரரை ஒரு முறை முறைத்தார்.

"அத நான்தான் எழுதினேன்," என்றார் மேடம், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. "இந்தப் பொண்ணுங்களுக்குப் பதவி கொடுங்கன்னு உங்க நாலு பேரையும் வருஷக்கணக்கா கெஞ்சினேன், ஒருத்தரும் அசையல. இவங்கள அடுத்த கம்பெனிக்குக் கொடுங்கன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னேன்."