முறிந்த ஊசியின் நுனி

பொம்மைத் தொழிற்சாலையில் தையல் ஊசி முறிந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு பொம்மைக்குள் தங்கினாலும் எங்கோ ஒரு குழந்தையின் வாயைக் கிழித்துவிடும். அன்று காலை பரிமளாவின் ஊசி முறிந்தது. நுனி மட்டும் கிடைக்கவில்லை. அவள் தைத்திருந்த நாற்பது கரடிகளின் வயிற்றையும் பிரித்து, பஞ்சைக் காந்தத்தால் துழாவினார்கள்.

“எங்கப்பா என்னை டாக்டருக்குப் படிக்க வைக்கலையேன்னு இருந்தேன். இன்னைக்கு ஒரே நாள்ல நாப்பது ஆபரேஷன்டி,” என்றாள் பக்கத்து மிஷின் ஜெசிந்தா.

பரிமளா பிடித்திருந்த கடைசிக் கரடியின்மேல் காந்தம் நகர்ந்தபோது, ஊசி முறிந்தபோது குத்திவிட்டதென்று அவள் துணி சுற்றியிருந்த விரலுக்குள் ஏதோ எழுந்து நின்றது. “அம்மா!” என்றாள்.

சூப்பர்வைசர் குணசீலன் துணியைப் பிரித்து, நுனியை இடுக்கியால் எடுத்து, துடைத்து, பதிவேட்டில் ஒட்டினார். ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“கரடின்னு போட்டுரட்டுமாம்மா? விரல்னு போட்டா விபத்தாயிரும். வருஷம் பூரா விபத்தே இல்லைன்னு நாளைக்குக் கேடயம் தர்றாங்க.”

“விரல் சீழ் பிடிச்சா, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில எங்க அடிபட்டுச்சுன்னு கேப்பாங்களே சார்?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

பரிமளா விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“சரி சார். எந்தக் கரடின்னு கேட்டா?”

பஞ்சு பிதுங்கிக் கிடந்த நாற்பதையும் குணசீலன் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.